நடுக்கடல் சண்டையும் மூணு சோழியும்

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி வாக்குல எங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயின்ல, அதாவது தொடர்ந்து ஆடிக்கிட்டு வர்ற ஒரே நீளக் கதையில, பாலடின்ங்கற கவச வீரர் செத்துப்போயிட்டாரு. ஒன்றரை வருஷமா ஆடின கேரக்டர். டேபிள்ல அஞ்சு பேர் இருந்தோம், ஒரு நிமிஷத்துக்கு யாரும் பேசல, ஃபேன் சத்தம் மட்டும்தான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலஞ்சு பேர் மேஜைய சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டர் ஆடுவாங்க, ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம்மா இருந்து உலகம், ஊரு, எதிரி எல்லாத்தையும் சொல்வாரு, என்ன நடக்கும்னு சந்தேகம் வர்ற இடத்துல டைஸ், பெரும்பாலும் இருபது பக்கம் இருக்கறது, உருட்டுவோம். 1974ல அமெரிக்காவுல வந்த விளையாட்டு. நான் டிஎம். எங்க கேம்பெயின் முழுக்க கடல்தான், ஒரு பழைய பாய்மரக் கப்பல், அதுல நாலு பேரு, தீவு தீவா போறாங்க. 2014 ரூல்ஸ்தான் இன்னும் ஓட்டுறோம்.

கடல் கேம்பெயின் ஆரம்பிச்ச புதுசுல எனக்கு இருந்த பெரிய பிரச்சனை, எந்த சண்டையும் யாருக்கும் பயமா இல்ல. காரணம் கண்டுபிடிக்க மூணு மாசம் ஆச்சு. டிஎம் புக் என்ன கணக்கு போடுதுன்னா, ஒரு நாளைக்கு ஆறுலேர்ந்து எட்டு சண்டை வரும், அதுக்குள்ள பார்ட்டியோட, அதாவது அந்த கேரக்டர் கூட்டத்தோட, மந்திரம், ஹெச்பிங்கற உயிர் பாயிண்ட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரையும்னு. குகைக்குள்ள போனா அது சரி, ஒரு கதவு திறந்தா இன்னொரு கதவு. ஆனா கப்பல்ல பத்து நாள் பயணம் போனா ஒரு சண்டை வரும், ரெண்டு வரும், நடுவுல ராத்திரி ராத்திரி நல்லா தூங்கி எழுந்து எல்லாத்தையும் நிரப்பிக்கிட்டு ஃபுல் சார்ஜ்ல நிப்பாங்க. அப்புறம் விஸார்ட், அதாவது மந்திரவாதி, கையில இருக்கற எல்லாத்தையும் ஒரே சண்டையில கொட்டுவாரு, ரெண்டு ரவுண்டுல கதை முடிஞ்சிடும்.

இதுக்கு நான் பண்ணது, கப்பல் ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் லாங் ரெஸ்ட், அதாவது எல்லாத்தையும் நிரப்பற முழு ஓய்வு, கிடையாது. துறைமுகத்துல, இல்லன்னா காத்து அடிக்காத ஒரு குடாவுல நங்கூரம் போட்டாதான் லாங் ரெஸ்ட், கடல்ல ஒரு ராத்திரி தூங்கினா ஷார்ட் ரெஸ்ட் கணக்கு, கொஞ்சம்தான் திரும்பும். இது நான் வம்புக்கு வச்ச ரூல் இல்ல, நிஜமான பாய்மரக் கப்பல்லயே நாலு மணி நேர ஷிஃப்ட்தான், நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் படுக்கை, புயல் வந்தா அதுவும் கிடையாது. இத சொன்னதும் பிளேயர்ஸ் ஒத்துக்கிட்டாங்க. மொத செஷனுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், நடுவுல மாத்தினதால விஸார்ட் ஆடுற தம்பிக்கு ஒரு வாரம் வருத்தம்.

அடுத்தது டெட்லிங்கற வார்த்தை. 2014 புக்ல சண்டைய ஈஸி, மீடியம், ஹார்ட், டெட்லின்னு நாலா பிரிச்சிருக்கும். அஞ்சாவது லெவல் கேரக்டர் ஒருத்தருக்கு டெட்லி எல்லை 1100 எக்ஸ்பி (எதிரிங்களோட பலத்துக்கு புக் போடற பாயிண்ட்), நாலு பேருக்கு 4400. 2024 புக்ல அந்த வார்த்தையவே எடுத்துட்டு லோ, மாடரேட், ஹைன்னு வச்சிட்டாங்க. என்னை கேட்டா அது நல்லதுதான், ஏன்னா டெட்லின்னு போட்டிருந்தா கண்டிப்பா ஒருத்தர் சாவாங்கன்னு புது டிஎம்முங்க நினைச்சுக்கறாங்க. அந்த நம்பர் எதிரி யாருன்னு மட்டும்தான் பாக்குது, எங்க நின்னு சண்டை போடுறோம்னு பெரும்பாலும் பாக்கல. கடல்ல எல்லாமே அந்த எங்கங்கறதுலதான் இருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன், இத கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. புக்ல பாய்மரக் கப்பலோட வேகம் மணிக்கு 2 மைல். ரொம்ப கம்மியா தெரியுதுல்ல. அத ரவுண்டுக்கு மாத்துங்க, ஒரு ரவுண்டுங்கறது 6 செகண்ட், அப்ப கப்பல் ரவுண்டுக்கு 17 அடிக்கு கொஞ்சம் மேல போகுது. மனுஷனோட வேகம் 30 அடி, ஆனா நீச்சல்ல ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு அடி செலவு, ஆக 15 அடி. அதாவது தண்ணில விழுந்தவன் சாதாரணமா நீந்தினா கப்பல புடிக்கவே முடியாது, ரவுண்டுக்கு ரெண்டடி ரெண்டடியா பின்னால போய்க்கிட்டே இருப்பான். டாஷ் பண்ணினா, அதாவது அந்த ரவுண்டு பூரா நீந்தறதுக்கே குடுத்தா, 30 அடி, புடிச்சிடலாம், ஆனா டாஷ் பண்ணினா அந்த ரவுண்டுல வாள் வீச முடியாது. இதுக்கு டிராகன் வேணாம், புயல் வேணாம், ஒரு தள்ளு போதும். மேல்தளத்துல கைப்பிடிச் சுவரு ஓரமா நிக்கற ஒவ்வொருத்தனும் ஒரு மலை உச்சி ஓரத்துல நிக்கறான்னு டிஎம்முக்கு புரிஞ்சிடுச்சுன்னா கடல் சண்டை தன்னால கனமாயிடும்.

ஆனா மூழ்கி சாகறது இந்த ரூல்ஸ்ல யாரையும் பயமுறுத்தாது. ஒருத்தர் மூச்சடக்கற நேரம் ஒரு நிமிஷம் பிளஸ் கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர், அதாவது அவரோட உடம்பு வலுவுக்கு உள்ள நம்பர். பிளஸ் 2 இருந்தா 3 நிமிஷம், அதாவது 30 ரவுண்டு. எந்த சண்டையும் அஞ்சாறு ரவுண்டுக்கு மேல போகாது. பிளேயர்ஸ் தண்ணிக்கடியில ஜாலியா பேசிக்கிட்டே சண்டை போடுவாங்க, எனக்கு அத பாத்தா கஷ்டமா இருக்கும், தண்ணி மேல ஒரு மரியாதை வேணாமா.

அதுக்குதான் சோழி கொண்டு வந்தேன். எங்க பாட்டி தாயம் ஆட வச்சிருந்த சோழி ஒரு பை நிறைய வீட்டுல கிடந்துச்சு. தண்ணிக்குள்ள போனதும் எத்தனை நிமிஷம் மூச்சோ அத்தனை சோழி அந்த பிளேயர் முன்னாடி வைப்பேன். தண்ணிக்கடியில ஒவ்வொரு தடவ அடி வாங்கும்போதும் ஒரு சோழி எடுத்துடுவேன், வாய திறந்து மந்திரம் சொன்னாலும் ஒண்ணு போகும். சோழி தீந்தா மிச்சம் புக்ல இருக்கற மாதிரிதான், கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் எத்தனையோ அத்தனை ரவுண்டு, அப்புறம் ஹெச்பி பூஜ்யம், மூச்சு கிடைக்கற வரைக்கும் வைத்தியம் எதுவும் ஏறாது. இதுல புது ரூல் ஒரே ஒரு வரிதான். ஆனா மூணு சோழி ரெண்டாகி ஒண்ணாகறத கண்ணால பாக்கும்போது டேபிள் மொத்தமும் முன்னால குனிஞ்சிடும்.

சரி, தப்பு பண்ண கதைக்கு வரேன். பார்ட்டி மூணாவது லெவல்ல இருந்தப்ப ஒரு சீ ஹேக் வச்சேன், கடல் சூனியக்காரி. அவளோட உண்மையான மொகத்த பாத்து பயந்துட்டவன அவ ஒரு பார்வை பாத்தா விஸ்டம் சேவ் பண்ணணும், அதாவது டைஸ் உருட்டி தப்பிக்கணும், தேவையான நம்பர் (டிசி) 11தான், ஆனா தோத்தா ஹெச்பி நேரா பூஜ்யம். எவ்ளோ ஹெச்பி இருந்தாலும். நான் எந்த முன்னறிவிப்பும் குடுக்காம கரை ஒதுங்கின ஒரு படகுக்குள்ள அவள வச்சுட்டேன், விஸார்ட் ரெண்டாவது ரவுண்டுல விழுந்தாரு, பக்கத்துல யாரும் போக முடியல, அந்த தம்பி முக்கா மணி நேரம் மத்தவங்க ஆடறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். கேரக்டர் பொழச்சிடுச்சு. ஆனா அவன் வீட்டுக்கு போகும்போது ஒரு வார்த்தை கேட்டான், "அண்ணா, நான் அங்க வேற என்ன பண்ணியிருக்கணும்?" என்கிட்ட பதில் இல்ல. அவன் பண்ணியிருக்கக்கூடியது ஒண்ணு இருந்துச்சு, கண்ண திருப்பிக்கலாம், ரூல்லயே இருக்கு, கண்ண திருப்பிக்கிட்டா அந்த பயம் புடிக்காது. அத அவனுக்கு தெரியற மாதிரி நான் எங்கயும் வைக்கல. துறைமுகத்துல ஒரு கிழவி "அவ மொகத்த பாத்துடாதீங்கப்பா"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா போதும், அதே சண்டை அவ்ளோ நல்லா வந்திருக்கும்.

அன்னிலேர்ந்து எனக்கு நானே வச்சுக்கிட்ட கட்டுப்பாடு இது: ஒரு ஆள சாகடிக்கக்கூடிய எதுவா இருந்தாலும் சண்டைக்கு முன்னாடி பிளேயர் கண்ணுலயோ காதுலயோ ரெண்டு தடவையாவது பட்டிருக்கணும். கடல்ல இது சுலபம். பாய்மரத்து உச்சியில ஒருத்தன் 30 மீட்டர் உயரத்துல உக்காந்திருந்தா அடிவானம் அவனுக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். மேல்தளத்துல நிக்கறவனுக்கு, கண்ணு கடல் மட்டத்துலேர்ந்து 4 மீட்டர்னு வச்சா, 7 கிலோமீட்டர். எதிரி கப்பல் தெரிஞ்ச நிமிஷத்துக்கும் சண்டைக்கும் நடுவுல மணிக்கணக்கா நேரம் இருக்கு. புக்ல போர்க்கப்பல் வேகம் இரண்டரை மைல், நம்ம கப்பல் 2, மணிக்கு அரை மைல்தான் வித்தியாசம், 12 கிலோமீட்டர் பின்னால தெரிஞ்ச கப்பல் நம்மள புடிக்க 15 மணி நேரம் ஆகும்! ஒரு பகல் பூரா அது பின்னாடியே பெருசாகிக்கிட்டே வரும். நான் ஒரு முழு செஷன் இதுலயே ஓட்டினேன், ஒரு அடிதடி இல்ல. சரக்க கடல்ல கொட்டி எடைய குறைக்கலாமா, பாறைங்க நடுவுல பூந்துடலாமா, இருட்டற வரைக்கும் தாக்குப்புடிச்சா விளக்கணைச்சுட்டு திசை மாத்திடலாமான்னு அவங்களுக்குள்ள வாக்குவாதம். மொதல்ல கறுப்பு கொடி காட்டினேன், சரணடைஞ்சா உயிர் மிச்சம்னு அர்த்தம். பதில் சொல்லாம ஓடினாங்க. சாயங்காலம் சிவப்பு கொடி ஏறிச்சு, இனி யாரையும் விடமாட்டோம்னு. அந்த கொடிய நான் சொன்னப்ப கிளெரிக் ஆடுற அக்கா காப்பி டம்ளர அப்படியே கீழ வச்சாங்க, இன்னும் கண்ணுல நிக்குது.

பெரிய மிருகங்கள பத்தியும் சொல்லணும். டிராகன் டர்டில்னு ஒண்ணு இருக்கு, சிஆர் (எதிரியோட பலத்துக்கு புக் குடுக்கற அளவு) 17, 341 ஹெச்பி, அதோட கொதிக்கிற ஆவி மூச்சு 60 அடிக்கு பாயும். அஞ்சாறு லெவல் பார்ட்டிக்கு அது சண்டையே இல்ல, மரணம். ஆனாலும் நான் வச்சேன், ஏன்னா அது பேசும், காசு மேல ஆசை, குடுத்தா வழி விடும். எவ்ளோ தங்கம் தூக்கிப்போடறதுன்னு கப்பல்ல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு பாருங்க, மறக்கவே மாட்டேன். கிராக்கன்ங்கற ராட்சச கடல் மிருகம் சிஆர் 23, அத இன்னும் மேல கொண்டு வரல, ஒரு தடவ திமிங்கிலம் ஒண்ணு பாதி உடம்போட மிதக்கறத மட்டும் காட்டினேன். அன்னிக்கு பூரா யாரும் கடல்ல குளிக்க இறங்கல.

எதிரிக்கும் உயிர் மேல ஆசை உண்டு, இத நிறைய டிஎம் மறந்துடறாங்க. 1981 பேசிக் ரூல்ஸ்ல மொரேல்னு ஒண்ணு இருக்கும், எதிரி பக்கம் மொத ஆள் செத்ததும் ஒரு தடவ, பாதி பேர் விழுந்ததும் ஒரு தடவ 2டி6, அதாவது ரெண்டு ஆறு பக்க டைஸ், உருட்டணும், அவங்க மொரேல் நம்பருக்கு மேல வந்தா ஓடிடுவாங்க, இல்ல சரணடைவாங்க. இந்த பழைய ரூல நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். சண்டை டெட்லியா இருக்கும்போது இது ரொம்ப உதவுது, கடைசி ஆள் வரைக்கும் போராடற எதிரியால தேவையில்லாம ஒரு சாவு விழாது.

இப்ப சனிக்கிழமை. பார்ட்டி அஞ்சாவது லெவல், நாலு பேர். நான் வச்சது ஆறு சஹுவாகின், மீன் மனுஷங்க, ஒரு சஹுவாகின் பூசாரி, ரெண்டு ஹன்டர் சுறா. எக்ஸ்பி கூட்டினா 1950, ஒன்பது எதிரிங்கறதால இரண்டரையால பெருக்கணும், 4875. டெட்லி எல்லைய தாண்டியாச்சு. தரையில இதே கூட்டம் வந்திருந்தா விஸார்டோட ஒரு ஃபயர்பால் மந்திரம், சராசரி 28 டேமேஜ், சஹுவாகினுக்கு 22 ஹெச்பிதான், பாதி கூட்டம் காலி. ஆனா கப்பல்ல ஃபயர்பால் போட்டா கயிறு, பாய், தார் பூசின பலகை எல்லாம் பத்திக்கும். தண்ணிக்குள்ள இருக்கறவங்க மேல போட்டா முழுகியிருக்கறவனுக்கு நெருப்புல பாதி டேமேஜ்தான், 28 பதினாலாயிடும், எவனும் சாகமாட்டான். தம்பி இது ரெண்டையும் யோசிச்சுட்டு டைஸ கீழ வச்சுட்டான். அவன் அப்படி யோசிச்சதே எனக்கு பெரும சந்தோஷம்.

முன்னறிவிப்பு எல்லாம் குடுத்திருந்தேன். ரெண்டு நாளா சுறா துடுப்பு பின்னாடியே வருது, சஹுவாகின் 120 அடிக்குள்ள இருக்கற சுறாவ மனசாலயே ஏவும்னு முந்தின தீவுல ஒரு மீனவர் சொல்லியிருந்தாரு, ஆளுங்கள உயிரோட தண்ணிக்குள்ள இழுத்துட்டு போவாங்கன்னும் சொன்னாரு. அவங்க நோக்கமே அதுதான், கொல்றது இல்ல, இழுக்கறது. மூணாவது ரவுண்டுல கப்பல்ல வேலை செய்யற ஒரு பையன, பத்து பன்னெண்டு வயசு இருக்கும், ஒரு சஹுவாகின் இடுப்போட புடிச்சு குதிச்சுது. கப்பலுக்கு பின்னால 30 அடி.

பாலடின் ஆடுற என் ஃப்ரெண்ட் கேட்டான், "மச்சி, எவ்ளோ தூரம்?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். 30 அடி, கப்பல் ரவுண்டுக்கு 17 அடி போகுது, நீ டாஷ் பண்ணினாதான் அவன எட்டுவ, உன் நீள வாள் தண்ணிக்குள்ள டிஸட்வான்டேஜ், ரெண்டு டைஸ்ல கம்மியானதுதான் கணக்கு, தட்டு கவசத்த கழட்ட 5 நிமிஷம் ஆகும், ரெண்டு துடுப்பு வட்டம் போடுது. அவன் ரெண்டு செகண்ட் கூட எடுத்துக்கல. "குதிக்கறேன்." அவன் முன்னாடி மூணு சோழி வச்சேன்.

மொத ரவுண்டு நீந்தி பையன எட்டினான். அடுத்த ரவுண்டு ரெண்டு டைஸ் உருட்டி கம்மியானத எடுத்தும் 17, சஹுவாகின் புடி விட்டுச்சு. அக்கா கயிறு வீசினாங்க, 50 அடி கயிறு, பையன் அப்ப 48 அடியில. புடிச்சுட்டான். நீயும் அதே கயித்த புடிக்கலாம்னு நான் சொன்னேன், சொல்லணும்னு தோணுச்சு. அவன் கொஞ்ச நேரம் மேப்ப பாத்துட்டு, ரெண்டு பேரும் புடிச்சா சுறா கயிறோடயே வரும், பையன் மேல ஏறமாட்டான்னு சொல்லி, பையன தள்ளிவிட்டு சுறா பக்கம் திரும்பினான். சுறா கடிக்கு 2டி8 பிளஸ் 4. அடிபட்ட ஆள் மேல சுறாவுக்கும் சஹுவாகினுக்கும் அட்வான்டேஜ் வேற, ரெண்டு டைஸ்ல பெருசானது கணக்கு. ஒரு சோழி. இன்னொண்ணு. ரோக் ஆடுறவர் பாய்க்கயித்த அறுத்து கப்பல நிறுத்த ஓடினாரு, ரெண்டு ரவுண்டு ஆச்சு. பையன மேல தூக்கிட்டு அக்கா திரும்ப கயித்த வீசினப்ப பாலடின் 80 அடிக்கு அந்த பக்கம்.

நான் திரைக்கு பின்னாடி டைஸ் உருட்டறதில்ல, எல்லாருக்கும் நடுவுலதான். கடைசி கடிக்கு டைஸ் எடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கிச்சு, மறைக்க விரும்பல. மாத்தி சொல்லியிருக்கலாம். ஆனா அவன் எல்லா கணக்கும் தெரிஞ்சுதான் குதிச்சான், அந்த டைஸ நான் மாத்தினா அவன் குதிச்சதுக்கு மதிப்பில்லாம போயிடும்னு நம்பறேன். 19. கடைசி சோழிய நான் எடுக்கறதுக்கு முன்னாடி அவனே எடுத்து என் கையில வச்சான்.

அப்புறம் பூசாரி விழுந்துச்சு, மொரேல் உருட்டினேன், மிச்சம் இருந்ததுங்க ஓடிடுச்சு. அத யாரும் கவனிக்கக்கூட இல்ல.

நேத்து அவன் ஃபோன் பண்ணினான். கோவமா இருப்பானோன்னு உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு. அவன் கேட்டது ஒண்ணுதான், அந்த பையனுக்கு பேர் இருக்கான்னு. நான் பேர் வைக்கவே இல்ல, கப்பல் பையன்னுதான் குறிச்சு வச்சிருந்தேன். அப்ப நான் வைக்கறேன்டா, அடுத்த வாரத்துலேர்ந்து அவனையே ஆடறேன்னான். மொத லெவல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்னு அடம்புடிச்சான், மத்தவங்க அஞ்சுல இருக்கும்போது அது சரிவராதுன்னு பேசி மூணுக்கு ஒத்துக்க வச்சிருக்கேன்.

வர்ற சனிக்கிழமை துறைமுகத்துல ஆரம்பிக்குது. அக்கா இப்பவே குரூப்ல மெசேஜ் போட்டுட்டாங்க, கையில இருக்கற தங்கத்துல மொத செலவு கயிறுதானாம், 200 அடி.